அரை நாள் பாலைவனம்

போன ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு என் மகள் சிந்து ஒரு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தாள். தரையிலிருந்து எட்டு மீட்டர். அவளுடைய இடுப்புப் பட்டியில் புறப்பட்ட கயிறு கூரை வரை ஏறி, அங்கே ஒரு வளையத்துக்குள் புகுந்து, திரும்பக் கீழே இறங்கி வந்து என் வலது கைக்குள் முடிந்தது.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வேண்டாம்... சொல்லாதீர்கள். நீங்களும் எடுத்திருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியும்.

போன் காற்சட்டையின் வலது பைக்குள் இருந்தது. கை தானாகப் போனது. என்னிடம் கேட்கவில்லை, சொல்லவில்லை, பழக்கத்தில் போனது. கயிறு ஒரு முழம் ஓடியது. மேலே சிந்து ஒரு முழம் விழுந்தாள். பின்னால் நின்ற பயிற்சியாளர் ஹைக்கே — ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, குரல் மட்டும் ரயில் நிலைய ஒலிபெருக்கி — பாய்ந்து வந்து கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"கை!" என்று ஜேர்மன் மொழியில் கத்தினாள். "கயிற்றில் கை!"

ஏறும் மண்டபமே திரும்பிப் பார்த்தது. போன் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

சிந்து இறங்கி வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆரப்பா போனிலை?"

"லொஸ் ஏஞ்சல்சிலை இருந்து... தயா அண்ணை."

"ஓ." முடிச்சின் கடைசிச் சுற்றை இழுத்து எடுத்தாள். "அப்ப, இப்ப எத்தினை நாள் மிச்சம்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. வெளியே எடுக்கத்தான் வெட்கமாக இருந்தது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது வுப்பர்டாலில். ரயிலே ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகிற ஊர். மழையும் இங்கே நகரசபையில் முறைப்படி பதிந்துகொண்டுதான் குடியிருக்கிறது. இந்த ஈரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, பகலில் பக்கத்து ஊரில் பூட்டுச் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் நான் பாலைவனத்தைப் பற்றி எழுதி வருகிறேன். நீங்கள் படித்திருப்பீர்கள். மணல் ஒரு நீண்ட மறதி என்று எழுதினேன். காற்று தன் பெயரை எழுதி எழுதித் தானே அழிக்கும் என்று எழுதினேன். 'ஐயா எந்தப் பாலைவனத்தில் இருந்தீர்கள்?' என்று ஒரு வாசகர் உருகிக் கேட்டிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேனே. ஜேர்மனி வந்த பிறகு நான் ஒரே இடத்தில் அதிகம் மணல் கண்டது, சிந்து சின்னப் பிள்ளையாக இருந்தபோது விளையாடிய மணல்பெட்டியில்தான்.

அந்தச் சின்னப் பிள்ளைக்கு இப்போது பதினெட்டு. மூன்று வருடமாகப் பாறை ஏறுகிறாள். மழை நாட்களில் மண்டபச் சுவர். வெயில் எறித்தால் ஐஃபல் மலைப் பக்கத்துச் சிவப்புப் பாறைகள். போன மாரியில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், சம்பலுக்கும் பருப்புக்கும் நடுவில், ஒரு படத்தைக் கொண்டு வந்து வைத்தாள்.

கலிஃபோர்னியாவில் ஒரு பாலைவனப் பூங்கா. ஜோஷுவா ட்ரீ என்று பெயர். பெரிய கை ஒன்று விளையாடிவிட்டு அடுக்கி வைக்க மறந்து போன மாதிரிப் பாறைகள். இடையிடையே விசித்திரமான மரங்கள் — யாரோ துவக்கைக் காட்டியதால் கையைத் தூக்கியவை போல. வானம்... அந்த வானத்தைப் பற்றி நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன், பார்க்காமலே.

"இது உங்கடை பாலைவனம் அப்பா," என்றாள். "நீங்கள் எழுதுறியள். நான் ஏறுறன். ரெண்டு பேருக்கும் சரி. ஒக்ரோபர் லீவுக்குப் போவம். வீட்டு வண்டி எடுத்து, பாறைக்குப் பக்கத்திலையே விட்டுட்டுப் படுப்பம்."

வீட்டு வண்டி என்றால் அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளே வைத்துச் செய்த வண்டி. ஜேர்மன்காரர் வோன்மோபில் என்பார்கள். அமெரிக்கர்கள் ஆர்.வி. என்பார்கள்.

பிறகு உப்புப் போத்தலை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டு சொன்னாள்: "இதுதான் கடைசி லீவு. வாற வருசம் அபிட்டூர் சோதினை முடிஞ்சால் நான் வேறை ஊருக்குப் படிக்கப் போயிடுவன். பிறகு நீங்கள் டெர்மின் எடுத்து, நேரம் குறிச்சுத்தான் என்னைப் பாக்கோணும்."

என் மனைவி வதனி சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் படத்தைப் பார்த்தேன்.

"கயிறு ஆர் பிடிக்கிறது?" என்று வதனி கேட்டாள். ஏறுகிறவருக்குக் கீழே ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். ஏறுகிறவர் வழுக்கினால் அவருடைய உயிர், கீழே நிற்பவரின் கைக்குள்.

"அம்மா, நீங்கள் பல்ப் மாத்த ஏணியிலை ஏறினாலே கண்ணை மூடுவியள். அப்பாதான்."

"நான் எழுதிற ஆளம்மா..."

"கைதானே அப்பா. பேனை பிடிக்கிற கை கயிறும் பிடிக்கும்."

ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். நான் இங்கே மண்டபத்தில் முறையாகப் பழகி, பரீட்சை எடுத்து, ஷைன் வாங்க வேண்டும். ஷைன் என்றால் சான்றுப் பத்திரம். ஜேர்மனியில் மீன் பிடிக்க ஒரு ஷைன். கயிறு பிடிக்க ஒரு ஷைன். ஷைன் இல்லாமல் பிடிக்கக்கூடியது மழையில் நனைந்தால் வருகிற தடிமன் மட்டும்தான்.

"ஷைன் இல்லாட்டி அங்கை வந்து நான் உங்கடை கயிற்றிலை தொங்க மாட்டன்," என்றாள். "கீழை நிண்டு படம்தான் எடுப்பன்."

திட்டம் தொடங்கியது.

திட்டம் என்றால் எங்களுக்கு ரமேஷ்தான். வால்டோர்ஃபில் மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிற மதுரைக்காரப் பையன். பையன் என்றால் முப்பத்திரண்டு வயது. என் கவிதைகளைப் படித்துவிட்டு ஒருநாள் எங்களைத் தேடி வந்தவர். வதனியின் நண்டுக் கறியைச் சாப்பிட்டதில் இருந்து கவிதைகளைப் பற்றிப் பேசுவதில்லை. கலிஃபோர்னியாவில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர். வந்தார், மடிக்கணினியைத் திறந்தார், எக்ஸெல்லில் கட்டம் கட்டமாகப் போட்டார். போக, வர, வண்டி எடுக்க, திருப்பிக் கொடுக்க எல்லாம் போக, பாலைவனத்துக்கு எட்டு நாள். எட்டுக் கட்டத்துக்கும் மஞ்சள் நிறம் அடித்தார்.

"அண்ணா, இது பக்கா பிளான். முதல் நாள் ஒரு கைடு வெச்சுக்கலாம். பார்க்குக்குள்ள தண்ணி கிடையாது, வெளியிலேயே ஃபுல் பண்ணிட்டுப் போயிடணும்."

"ரைஸ் குக்கர் கொண்டு போகலாமோ தம்பி?" — வதனி.

"அக்கா, அங்க வோல்டேஜே வேற. அதுவும் இல்லாம கேம்ப்ல கரண்டே கிடையாது."

"அப்ப சோறு?"

"கேஸ் அடுப்பு இருக்கும். இல்லன்னா பிரெட், சீஸ்னு சமாளிச்சுக்கலாம்."

வதனி அவரைப் பார்த்த பார்வையில் ரமேஷ் உடனே 'பெரிய பானை — ஒன்று' என்று ஒரு கட்டத்தில் அடித்துக்கொண்டார்.

தாளை அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினோம். எட்டு மஞ்சள் கட்டங்கள். காலையில் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் எனக்கு முகத்தில் வெயில் அடித்தது.

அந்த நேரத்தில் நாங்கள் ஒரு பிழை விட்டோம். எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை.

போகிறோம் என்று சொந்தக்காரரிடம் சொன்னோம்.

இதில் என்ன பிழை என்று கேட்கிறீர்களா? அப்படியென்றால் உங்களுக்கு வெளிநாடுகளில் சொந்தம் இல்லை, நிம்மதியாக இருங்கள். மற்றவர்களுடைய உலகப் படத்தில் மலை இருக்கும், கடல் இருக்கும், அரும்பொருளகம் இருக்கும். எங்களுடைய படத்தில் மாமா இருப்பார், மச்சாள் இருப்பா, ஒன்றுவிட்ட அண்ணை இருப்பார். பாரிஸ் என்றால் எங்களுக்கு ஒரு மூன்றாம் மாடி, ஒரு சோபா, இரண்டாம் தரம் போட்ட சோறு. ஏழு தரம் பாரிசுக்குப் போயிருக்கிறோம். அந்தப் பேர்போன இரும்புக் கோபுரத்தைச் சிந்து பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் காருக்குள் இருந்து, மடியில் இடியப்பப் பெட்டியோடு.

முதல் அழைப்பு தயா அண்ணையுடையது. என் பெரியம்மாவின் மகன். லொஸ் ஏஞ்சல்ஸ்.

"எடேய், லொஸ் ஏஞ்சல்ஸிலை வந்து இறங்கிப்போட்டு எங்கடை வீட்டுக்கு வராமல் போவியோ? வந்து ஒரு நேரம் சாப்பிட்டுட்டுப் போங்கோ. அவ்வளவுதான் கேக்கிறன்."

"ஓம் அண்ணை."

ஒரு நேரச் சாப்பாடு என்றால் எங்கள் கணக்கில் மூன்று நாள். வந்த களைப்புக்கு ஒரு நாள், கோயிலுக்கு ஒரு நாள், 'நாளைக்குப் போகலாம், இண்டைக்கு நில்லுங்கோ' என்பதற்கு ஒரு நாள். எட்டு, ஐந்தாகியது.

அடுத்தது ரொறன்ரோவில் இருந்து வதனியின் சின்னம்மா. "அமெரிக்கா மட்டும் வந்திட்டு என்னைப் பாக்காமல் போறதோ பிள்ளை?" உலகப் படத்தில் அது இரண்டு விரல் தூரம். விமானத்தில் ஐந்து மணி நேரம். வதனி படத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓம் சின்னம்மா, கிட்டத்தானே," என்றாள். ஐந்து, இரண்டாகியது.

இதுவரைக்கும் குற்றம் சொந்தங்களுடையது. இனி வருவது என்னுடையது. தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறேன்.

நான் ரொறன்ரோ வருகிறேன் என்று எப்படியோ அங்கேயுள்ள வாசகர்களுக்குத் தெரிந்துவிட்டது. (எப்படியோ என்ன? நான்தான் சொன்னேன்.) ஒருவர் போன் எடுத்தார். குரலில் அவ்வளவு மரியாதை. "சனிக்கிழமை ஒரு சின்னக் கூட்டம் வைக்கிறம் ஐயா. உங்கடை பாலைவனக் கவிதையளை நீங்களே வந்து வாசிக்கோணும்."

"ஓம்," என்றேன்.

என் வாயிலிருந்து அந்த ஒரு சொல் எவ்வளவு இனிமையாகப் போனது தெரியுமா? அது போய்ச் சேர்ந்த பிறகுதான் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தேன். சனிக்கிழமை கூட்டம் என்றால் இன்னும் ஒரு நாள் அங்கே நிற்க வேண்டும். இரண்டு, ஒன்றாகியது.

ரமேஷ் ஒவ்வொரு தடவையும் புதுத் தாள் அனுப்பினார். 'ஃபைனல்', 'ஃபைனல் இரண்டு', 'ரியலி ஃபைனல்'. மஞ்சள் வடிந்துகொண்டே வந்தது. சிந்து பழைய தாளைக் கழற்றிவிட்டுப் புதியதை ஒட்டினாள். ஒவ்வொரு ஞாயிறும் என்னை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "கீழ்க் கை எப்பவும் கயிற்றிலை இருக்கோணும் அப்பா. மேல் கை என்ன செய்தாலும் பரவாயில்லை. கீழ்க் கை விடக்கூடாது." நூறு தடவை சொல்லியிருப்பாள். நானும் நூறு தடவை தலையாட்டினேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கு வாருங்கள். அந்த அழைப்பை நான் பிறகு, மண்டபத்துக்கு வெளியே, மழைக்குள் நின்று எடுத்தேன்.

"எடேய், ஒரு நல்ல செய்தி," என்றார் தயா அண்ணை. "சின்னவள் பெரியபிள்ளையானதுக்குச் செய்யிற சாமத்தியச் சடங்கை உங்களுக்காக ஒக்ரோபருக்கு மாத்தியிருக்கிறம். நீங்கள் வந்து இறங்கின அடுத்த நாள். ஞாயிற்றுக்கிழமை. நீ முன்னுக்கு நிக்கோணும். பிறகு எல்லாரும் கலைஞ்சு போக, மண்டபக் கணக்கு வழக்கெல்லாம் பாத்து, மிச்சச் சாப்பாட்டையும் முடிச்சு, ஆறுதலா வெளிக்கிடலாம்."

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? போனில் 'இல்லை' சொல்லத் தெரிந்த ஒருவரையாவது எங்கள் ஆட்களுக்குள் நான் இன்னும் சந்திக்கவில்லை. நேரில் சண்டை பிடிப்போம், சபையில் எதிர்த்துப் பேசுவோம். போனைக் காதில் வைத்தால் 'ஓம்' தான்.

ரமேஷுக்குச் சொன்னேன். வால்டோர்ஃபில் இருந்து ஒரு நீண்ட மூச்சுச் சத்தம் கேட்டது.

"அண்ணா... அப்போ டெசர்ட்டுக்கு அரை நாள்தான் இருக்கு. காலைல பத்து மணிக்கு உள்ள போனா ரெண்டு மணிக்கு வெளிய வந்துடணும். அதுல இன்னொரு பிராப்ளம். ஒரு கட்டத்துல பாதிக்கு மட்டும் மஞ்சள் அடிக்க எக்ஸெல்ல வரமாட்டேங்குது."

நானும் சிந்துவும் தொங்கு ரயிலில் ஏறினோம். ஹைக்கே என் ஷைனில் கையெழுத்துப் போடவில்லை. "இன்னும் ஒரு கிழமை பழகுங்கள். பிறகு வாருங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்," என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கீழே ஆறு பழுப்பாக ஓடியது. வளைவுகளில் பெட்டி மெதுவாக ஊசலாடியது. எதிரே உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்தேன். முழங்கையில் சிறு சிராய்ப்பு. நான் விட்ட ஒரு முழத்தில் சுவரில் உரசியது. அதை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"நோகுதோ?"

"இல்லை."

இரண்டு தரிப்பிடம் கழித்துச் சொன்னாள்.

"அப்பா, நான் ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக்கூடாது."

"கேளம்மா."

"பாலைவனத்தைப் பற்றி வாசிக்கிறதுக்காண்டி பாலைவனத்தை வெட்டிப்போட்டியள். என்ன?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் என்னையே காட்டியது.

"தயா பெரியப்பாவும் பாவம், அம்மாவின்ரை சின்னம்மாவும் பாவம். எனக்கு விளங்குது," என்றாள். "ஆனா நான் உங்களை அங்கை கூட்டிக்கொண்டு போகத்தான் இவ்வளவும். எனக்கு ஏறுறதுக்கு ஐஃபலே போதும்."

அந்தச் சொல் என் மேல் ஒரு முழம் குறைவாக விழுந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் வதனிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு ஓடியதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விடலாம் என்று ஒரு கணம் யோசித்தேன். சிராய்ப்பு என்னை முந்திக்கொண்டது. வதனி எழுந்து போய் மருந்துப் பெட்டியை எடுத்து வந்தாள். சிந்துவின் முழங்கையைக் கழுவி மருந்து பூசினாள். பிறகு குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, அந்தத் தாளை மேலிருந்து கீழே படித்தாள்.

"ரொறன்ரோவுக்குப் பிளேன் ரிக்கெற் இன்னும் போடேல்லைத்தானே?"

"செவ்வாய்க்கிழமை போடுறதா ரமேஷ் சொன்னவர்."

"அப்ப நாளைக்கு ஒரு நாள் இருக்கு."

"வதனி, வரேல்லை எண்டு சொல்ல ஏலாது. சடங்கையே மாத்திப்போட்டினம்..."

"ஆர் வரேல்லை எண்டு சொல்லப் போறது?" என்றாள். "கூப்பிடப் போறன்."

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி ஊற்றி, போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியை அழுத்தினாள். அவள் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் சாப்பாடு கொடுத்து, ஒருவரையும் கோபப்படுத்தாமல் அனுப்பத் தெரிந்தவள்.

"தயா அண்ணை, நாங்கள் யோசிச்சனாங்கள். உங்களை விட்டுட்டு நாங்கள் மட்டும் என்னெண்டு அங்கை போறது? மனம் வரேல்லை. நீங்கள் எல்லாரும் எங்களோடை வாங்கோ. வீட்டு வண்டியிலை இடம் இருக்கு."

லொஸ் ஏஞ்சல்ஸ் அமைதியாகியது.

"எங்கை... பாலைவனத்துக்கோ?"

"ஓம் அண்ணை. ஏழு நாள்."

"அங்கை ஹோட்டல் கீட்டல்...?"

"ஹோட்டல் என்னத்துக்கு? வண்டிதானே வீடு."

"தண்ணி?"

"உள்ளுக்கை தண்ணி இல்லை. நாங்கள் கொண்டு போறதுதான். ஆளாளுக்கு அளந்து தருவன்."

"குளிக்கிறது?"

"ஈரத் துவாய் போதும் அண்ணை."

"பாம்பு...?"

"இருக்குமாம். பிள்ளையளுக்குக் காட்டலாம்."

பின்னணியில் அவருடைய மனைவியின் குரல் கேட்டது: "கக்கூஸ் எப்பிடியெண்டு கேளுங்கோப்பா!"

"வண்டிக்குள்ளையே இருக்கு மச்சாள். தொட்டி நிறைஞ்சால் மட்டும் தயா அண்ணை கொண்டு போய் ஊத்தோணும். இவருக்கு நாரிப் பிடிப்பெல்லே, குனிய ஏலாது."

எனக்கு நாரிப் பிடிப்பு என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

பிறகு தயா அண்ணை மிக மென்மையாகச் சொன்னார்: "தங்கச்சி, எனக்கு லீவு எடுக்கிறது கொஞ்சம் கஷ்டம். நீங்கள் சடங்குக்கு நிண்டிட்டு, அடுத்த நாள் விடிய வெள்ளன வெளிக்கிடுங்கோ. நாங்கள் மறிக்க மாட்டம்."

'நாங்கள் மறிக்க மாட்டம்'! எங்கள் குடும்பத்தில் இந்த வசனத்தை முதன்முதலாகக் கேட்கிறேன். சிந்து வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அடுத்தது வாசகர் கூட்டம். வதனி போனை என் பக்கம் தள்ளினாள். "இது உங்கடை. நீங்களே கதையுங்கோ."

கதைத்தேன். பாலைவனத்தைப் பார்க்கப் போவதால் பாலைவனக் கவிதை வாசிக்க வர முடியவில்லை என்று சொன்னேன். அவர் வருந்துவார், வற்புறுத்துவார், மண்டபம் எடுத்தாயிற்றே என்பார்... எப்படிச் சமாளிப்பது என்று வசனங்கள் தயாராக வைத்திருந்தேன்.

"பரவாயில்லை ஐயா," என்றார். "கவிதையளை மட்டும் அனுப்பி விடுங்கோ. எங்கடை பிள்ளை ஒண்டு வடிவா வாசிக்கும்."

என் இல்லாமையை ரொறன்ரோ இவ்வளவு கெதியில் தாங்கிக்கொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கடைசியாகச் சின்னம்மா. வதனிக்கு இப்போது தைரியம் கூடியிருந்தது. தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்துவிட்டு அதே பாட்டை எடுத்தாள். உங்களை விட்டுட்டு என்னெண்டு போறது, மனம் வரேல்லை, எங்களோடை வாங்கோ சின்னம்மா...

"ஓம்," என்றார் சின்னம்மா. "எப்ப வெளிக்கிடுறது?"

வதனி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சின்னம்மா... அது பாலைவனம். சரியான வெக்கை."

"இஞ்சை நான் பதினெட்டு வருசமாப் பனி பாக்கிறன் பிள்ளை. வெக்கை எண்டால் வரட்டும்."

"தண்ணியும் இல்லை. குளிக்க ஏலாது."

"நான் என்ன நீச்சலுக்கோ வாறன்?"

"படுக்கிறது பலகைக் கட்டில்..."

"எனக்குக் கீழ்க்கட்டில் தாங்கோ. மேலை ஏற முழங்கால் விடாது."

"பாம்பு இருக்குமாம் சின்னம்மா!"

"அது அதின்ரை பாட்டிலை போகும். நான் என்ரை பாட்டிலை இருப்பன்."

வதனி என்னைப் பார்த்தாள். கழிப்பறைத் தொட்டி ஒன்றுதான் மிச்சம். அதையும் எடுத்தாள். சின்னம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு வேறு ஒரு விசயம் தெரிய வேண்டியிருந்தது.

"பிள்ளை ஏறேக்கை கயிறு ஆர் பிடிக்கிறது?"

"இவர்தான்."

மறுமுனையில் ஒரு சின்ன யோசனை.

"ஆர், உன்ரை மனிசனோ? அவர் எழுதிற ஆளெல்லே?" இன்னும் கொஞ்சம் யோசனை. "அப்ப நான் கட்டாயம் வரத்தான் வேணும்."

கதவுக்குப் பின்னால் இருந்து சிந்து தரையில் விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. போன் இல்லாமல், கயிறு இல்லாமல், பத்திரமாக விழுந்தாள்.

புதுத் தாள் நேற்று வந்தது. 'ரொம்ப ரொம்ப ஃபைனல்' என்று பெயர். ஏழு மஞ்சள் கட்டம். மிச்சமான ஒரு கட்டம் தயா அண்ணையின் மகளுக்கு; அதற்கு ரமேஷ் ரோஸ் நிறம் அடித்திருக்கிறார். கீழ்க்கட்டில் என்பதற்கு எதிரே 'சின்னம்மா' என்று போட்டிருக்கிறார். என் பெயருக்கு எதிரே 'கழிப்பறைத் தொட்டி' என்று இருக்கிறது. அது ரமேஷின் யோசனையாகத் தெரியவில்லை. சிந்து அந்தத் தாளை ஒட்டிவிட்டு, சிராய்ப்பு ஆறிய முழங்கையை என் தோளில் ஒரு கணம் வைத்துவிட்டுப் போனாள்.

நான் நிறைய வரிகள் எழுதியிருக்கிறேன் அந்த மணலைப் பற்றி. ஒன்றைக்கூட அங்கே கொண்டு போகப் போவதில்லை. ஒரு பெரிய பானையும் ஒரு கயிறும் போதும்.

இந்தப் பத்தி உங்கள் கைக்கு வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எனக்குப் பரீட்சை. ஹைக்கே பேனையோடு நிற்பாள். மேலே என் மகள் இருப்பாள். என் கீழ்க் கை கயிற்றில் இருக்கும். ஆகவே, அன்பு வாசகர்களே, அந்த நேரத்தில் மட்டும் எனக்குப் போன் எடுக்காதீர்கள். போன் வீட்டில், வதனியிடம் இருக்கும். அவள் எடுத்தால் உங்களையும் பாலைவனத்துக்குக் கூப்பிடுவாள்.

யோசித்துவிட்டு 'ஓம்' சொல்லுங்கள் — மேல்கட்டில் மட்டும்தான் மிச்சம்.